மடிப்பு போன்: தவணை 24 மாதம், உத்தரவாதம் 12 மாதம் – வாங்குவது பயன் தருமா?

புது தில்லி: ரூ.1,74,999 விலையில் அறிமுகமான சாம்சங் கேலக்ஸி இசட் ஃபோல்டு 7 ஸ்மார்ட்போனை வட்டியில்லாத 24 மாதத் தவணையில் வாங்கும் ஒருவர், மாதந்தோறும் ஏறத்தாழ ரூ.7,292 செலுத்த வேண்டும். அந்தப் போனுக்கு நிறுவனம் அளிக்கும் உத்தரவாதம் ஓராண்டு. ஆனால், அதற்கான மென்பொருள் மேம்பாடுகள் ஏழு ஆண்டுகள் வரை கிடைக்கும் என்று அதே நிறுவனம் உறுதியளித்துள்ளது. மென்பொருள் ஏழு ஆண்டு, தவணை இரண்டு ஆண்டு, உத்தரவாதம் ஓர் ஆண்டு என்னும் இந்த மூன்று கணக்குகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மடிப்பு போன் வாங்கலாமா, வேண்டாமா என்ற கேள்விக்கான விடை, அதன் திரையையோ கேமராவையோ காட்டிலும் இந்தப் பொருந்தாக் கணக்கில்தான் அடங்கியுள்ளது.

மடிக்கும் ஸ்மார்ட்போன்கள் மீது தொடக்கத்தில் கூறப்பட்ட குறைகளில் பெரும்பாலானவை இன்று களையப்பட்டுவிட்டன. எடை குறைந்துள்ளது, தடிமன் குறைந்துள்ளது, திரையின் நடுவில் தெரியும் மடிப்புக் கோடும் முன்பு இருந்த அளவுக்குக் கண்ணை உறுத்துவதில்லை. எஞ்சியிருப்பவை இரண்டு: விலை, பழுதுபார்ப்பு. இவற்றில் விலை பற்றி அதிகம் பேசப்படுகிறது. பழுதுபார்ப்பு பற்றி விற்பனையின்போது எவரும் பேசுவதில்லை.

ஏழு ஆண்டுகளில் மாறியது என்ன?

விற்பனைக்கு வந்த முதல் மடிப்பு போனை 2018-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அறிமுகப்படுத்தியது சீனாவின் ரோயோல் நிறுவனம். அந்நிறுவனம் பின்னர் திவாலாகிவிட்டது. பரவலான கவனத்தைப் பெற்றது 2019 பிப்ரவரியில் சாம்சங் அறிவித்த கேலக்ஸி ஃபோல்டு. அதே ஆண்டு ஏப்ரல் மாதம் விற்பனைக்கு வரவிருந்த அந்தப் போன், மதிப்பாய்வுக்காக அளிக்கப்பட்ட சில கருவிகளின் திரைகள் ஓரிரு நாள்களிலேயே பழுதடைந்ததால் ஒத்திவைக்கப்பட்டது. திரையின் மேலுறையைச் சிலர் சாதாரணப் பாதுகாப்புத் தாள் என்று கருதி உரித்துவிட்டனர். வேறு சில கருவிகளில் கீலின் இடைவெளி வழியாகத் துகள்கள் உள்ளே நுழைந்தன. வடிவமைப்பைத் திருத்திய பிறகு, செப்டம்பர் மாதத்தில்தான் அது தென்கொரியச் சந்தைக்கு வந்தது.

இந்தியாவில் 2019 அக்டோபரில் ரூ.1,64,999 விலையில் அறிமுகமான அந்தப் போனின் 1,600 கருவிகள் அரை மணி நேரத்தில் முன்பதிவாகிவிட்டதாக அப்போது தெரிவிக்கப்பட்டது. அதன் எடை 276 கிராம். மடித்து வைக்கும்போது கீல் உள்ள பக்கத்தில் தடிமன் 17 மில்லிமீட்டரைத் தாண்டியது. சட்டைப் பையில் வைத்தால் பை தொங்கும். வெளித்திரை 4.6 அங்குலம் மட்டுமே இருந்ததால், ஒரு குறுஞ்செய்தி எழுதுவதற்குக்கூடப் போனைத் திறக்க வேண்டியிருந்தது.

2025 ஜூலையில் வெளிவந்த ஃபோல்டு 7 போனின் எடை 215 கிராம். அதே நிறுவனத்தின் மடிக்காத உயர்ரகப் போனான எஸ்25 அல்ட்ராவின் எடை 218 கிராம் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. மடித்த நிலையில் ஃபோல்டு 7-இன் தடிமன் 8.9 மில்லிமீட்டர். வெளித்திரை 6.5 அங்குலம். அதாவது, மூடிய நிலையில் அது ஏறக்குறைய ஒரு சாதாரணப் போனாகவே இயங்குகிறது. தேவைப்படும்போது மட்டும் திறந்தால் போதும். முதல் தலைமுறை மடிப்பு போன்களைப் பார்த்து 'இது விளையாட்டுப் பொருள்' என்று ஒதுக்கியவர்கள் தங்கள் கருத்தை மறுபரிசீலனை செய்ய இந்த ஒரு மாற்றமே போதுமான காரணம்.

விலை மட்டும் எதிர்த்திசையில் சென்றுள்ளது. இடையில் ரூ.1,49,999 வரை இறங்கிய ஃபோல்டு வரிசையின் அறிமுக விலை, பின்னர் ரூ.1,54,999, ரூ.1,64,999 என்று படிப்படியாக ஏறி, இப்போது முதல் போனின் விலையையும் கடந்துவிட்டது. இதில் 18 சதவீத சரக்கு மற்றும் சேவை வரி ஏறத்தாழ ரூ.26,700. செல்போன்களுக்கான இந்த வரி 2020 ஏப்ரலில் 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 2025 செப்டம்பரில் பல பொருள்களுக்கு வரி குறைக்கப்பட்டபோதும் செல்போன்கள் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை.

முன்பதிவு ஆரவாரமும் சந்தை நிலவரமும்

ஃபோல்டு 7, ஃபிளிப் 7, ஃபிளிப் 7 எஃப்இ ஆகிய மூன்று போன்களுக்கும் சேர்த்து இந்தியாவில் 48 மணி நேரத்தில் 2.1 லட்சம் முன்பதிவுகள் வந்ததாக சாம்சங் அறிவித்தது. இவை நொய்டாவில் உள்ள அந்நிறுவனத்தின் ஆலையில் தயாரிக்கப்படுபவை. எண்ணிக்கை பெரிதுதான். ஆயினும், இந்தியாவில் ஆண்டுதோறும் விற்பனைக்கு அனுப்பப்படும் ஸ்மார்ட்போன்கள் சுமார் 15 கோடி. அவற்றுடன் ஒப்பிட்டால் இந்த முன்பதிவு ஆயிரத்துக்கு ஒன்றரைக்கும் குறைவு. உலக அளவிலும், ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, மொத்த ஸ்மார்ட்போன் விற்பனையில் மடிப்பு போன்களின் பங்கு நூற்றுக்கு இரண்டைக்கூட எட்டவில்லை.

விலை குறைந்தால் விற்பனை பெருகும் என்ற எதிர்பார்ப்பில் சில நிறுவனங்கள் துணிந்து இறங்கின. டெக்னோ நிறுவனம் 2023-இல் புத்தகம்போல் திறக்கும் போனை ரூ.88,888-க்கும், குறுக்கே மடியும் போனை ரூ.49,999-க்கும் கொண்டுவந்தது. மோட்டோரோலா 2023 ஜூலையில் ரூ.59,999-க்கு அறிமுகப்படுத்திய ரேசர் 40, 2024 ஜனவரியில் ரூ.44,999-க்கு இறங்கியது. வாங்குபவருக்கு இது மகிழ்ச்சியான செய்தியாகத் தோன்றலாம். ஆனால், முதல் மாதமே முழு விலை கொடுத்து வாங்கியவருக்கு ஆறே மாதங்களில் ரூ.15,000 மதிப்பிழப்பு ஏற்பட்டது என்பதே இதன் மறுபக்கம்.

எட்டு அங்குலத்தின் உண்மையான பயன்

மடிப்பு போன்களில் இரு வகை உண்டு. புத்தகம்போல் பக்கவாட்டில் திறந்து சிறு டேப்லெட்டாக விரிவது ஒன்று. பழைய மடக்குப் போன்போல் குறுக்கே மடிந்து கையளவாகச் சுருங்குவது மற்றொன்று. பெயர் ஒன்றானாலும் இவற்றின் பயன் முற்றிலும் வேறு. முதல் வகை திரையைப் பெரிதாக்குகிறது. இரண்டாவது வகை போனைச் சிறிதாக்குகிறது.

இரண்டாவது வகையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திறந்தால் அது வழக்கமான போன்தான். சட்டைப் பையிலும் சிறிய கைப்பையிலும் அடங்குவது, மேசைமீது தானே நின்று படம் எடுப்பது, வெளித்திரையிலேயே செய்திகளைப் பார்ப்பது ஆகியன வசதிகள். அந்த வசதிக்காகக் கூடுதல் விலை தரலாமா என்பது அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது. தேவை என்று எவரும் வாதிட முடியாது.

முதல் வகைக்குத் தேவை என்ற வாதம் உண்டு. அது எவ்வளவு வலுவானது என்பதை அளந்தே பார்க்கலாம். அரசாணை, நீதிமன்றத் தீர்ப்பு, வங்கி அறிக்கை, பாடக்குறிப்பு என இந்தியாவில் பி.டி.எஃப் வடிவில் புழங்கும் ஆவணங்களில் பெரும்பாலானவை ஏ4 தாளின் அளவில் தயாரிக்கப்பட்டவை. அந்தத் தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். 6.9 அங்குலத் திரை கொண்ட எஸ்25 அல்ட்ராவை நிமிர்த்திப் பிடித்தால் அதன் திரை அகலம் ஏறத்தாழ 7.3 சென்டிமீட்டர். பக்கம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. 12 புள்ளி அளவில் அச்சிடப்பட்ட எழுத்து, சுமார் 4 புள்ளியாகத் தெரியும். மருந்துப் பெட்டிகளில் காணும் பொடி எழுத்தைவிடச் சற்றும் மேம்பட்டதல்ல அது. கொக்கிகளும் சுழிகளும் மேலும் கீழும் குறிகளும் கொண்ட இந்திய மொழி எழுத்துகளுக்கு இந்தச் சுருக்கம் ஆங்கிலத்தைக் காட்டிலும் கூடுதல் இடையூறு. விரல்களால் பெரிதாக்கி, ஒவ்வொரு வரியையும் இடமும் வலமும் இழுத்துப் படிக்க வேண்டும்.

ஃபோல்டு 7-இன் எட்டு அங்குல உள்திரையில் அதே பக்கம் ஏறத்தாழ 13.6 சென்டிமீட்டர் அகலத்தில் தெரியும். 12 புள்ளி எழுத்து சுமார் 8 புள்ளியாக, அதாவது நாளிதழின் செய்தி எழுத்துக்கு நெருக்கமான அளவில் இருக்கும். கீழே நகர்த்தினால் போதும். பக்கவாட்டில் இழுக்கத் தேவையில்லை. வழக்கறிஞர், தணிக்கையாளர், பங்கு வர்த்தகர், பயணத்திலேயே கோப்புகளைப் பார்க்க வேண்டிய அதிகாரி ஆகியோருக்கு இது உண்மையான நேரமிச்சம். ஒரு பக்கம் கணக்குத்தாளும் மறுபக்கம் மின்னஞ்சலுமாக இரு செயலிகளை அருகருகே வைத்துப் பணியாற்றுவதும் இந்தத் திரையில் இயல்பாக நடக்கிறது. சாதாரணப் போனிலும் இவ்வாறு செய்ய முடியும் என்று விளம்பரங்கள் கூறினாலும், நடைமுறையில் எவரும் செய்வதில்லை.

திரைப்படம் பார்ப்பதற்காகவே மடிப்பு போன் வாங்க எண்ணுவோருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. உள்திரை ஏறக்குறைய சதுர வடிவம் கொண்டது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குரிய 16:9 விகிதக் காணொளியை அதில் பார்த்தால், மேலும் கீழும் பெரிய கறுப்புப் பட்டைகள் விழும். படத்தின் மூலைவிட்டம் சுமார் 6.8 அங்குலமாக இருக்கும். எஸ்25 அல்ட்ராவில் அது 5.9 அங்குலம். ஆதாயம் உண்டு, ஆனால் 'எட்டு அங்குலம்' என்ற சொல் தரும் எதிர்பார்ப்பு அளவுக்கு அல்ல. அகலத்திரை விகிதத்தில் எடுக்கப்பட்ட திரைப்படங்களின் நிலை இன்னும் விசித்திரமானது. அவை ஃபோல்டு 7-இன் உள்திரையில் 15.1 சென்டிமீட்டர் அகலத்திலும், மடிக்காத எஸ்25 அல்ட்ராவில் 15.9 சென்டிமீட்டர் அகலத்திலும் தெரியும். ரூ.45,000 கூடுதலாகக் கொடுத்து வாங்கிய போனில் படம் சற்றே சிறிதாகத் தெரிகிறது. எஸ்25 அல்ட்ராவின் அறிமுக விலை ரூ.1,29,999.

அந்த விலை வேறுபாட்டுக்கு ஈடாக வாங்குபவர் விட்டுக்கொடுப்பவையும் சில உள்ளன. எஸ்25 அல்ட்ராவின் மின்கலம் 5,000 எம்ஏஎச். ஃபோல்டு 7-இல் அது 4,400. தொலைவுக் காட்சிகளைப் பிடிக்கும் கேமராவும் அல்ட்ராவில்தான் மேலானது. முந்தைய ஃபோல்டு போன்களில் பயன்படுத்த முடிந்த எழுதுகோலுக்கு, தடிமனைக் குறைப்பதற்காக, ஃபோல்டு 7-இல் இடமளிக்கப்படவில்லை. பெரிய திரையில் குறிப்பெழுத விரும்புவோருக்கு இது சிறிய இழப்பன்று. விவோ நிறுவனத்தின் எக்ஸ் ஃபோல்டு 5 போன் 217 கிராம் எடையில் 6,000 எம்ஏஎச் மின்கலத்தைத் தாங்கி நிற்பதால், மின்கலக் குறை மடிப்பு வடிவத்தின் தவிர்க்க முடியாத விளைவு என்று கூறவும் இயலாது.

மெல்லிய கண்ணாடியும் வட இந்தியத் தூசியும்

மடிப்பு போன் எத்தனை முறை மடிந்து விரியும் என்பதே பலரும் முதலில் கேட்கும் கேள்வி. இது இன்று பெரும் சிக்கலாக இல்லை. ஃபோல்டு 6 வரை 2 லட்சம் மடிப்புகள் என்று குறிப்பிட்ட சாம்சங், ஃபோல்டு 7-இன் திரைக்கு 5 லட்சம் மடிப்புகள் என்று கூறுகிறது. நாளொன்றுக்கு நூறு முறை திறந்து மூடினாலும் 2 லட்சத்தை எட்ட ஐந்தரை ஆண்டுகள் ஆகும். 5 லட்சத்துக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் மின்கலமும் மென்பொருளும் ஓய்ந்துவிடும்.

ஆனால், அந்த 5 லட்சம் மடிப்புகள் 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், ஆய்வகத்தில், இயந்திரக் கரங்களால் நிகழ்த்தப்பட்டவை. இந்தியக் கோடையில் நிறுத்தப்பட்ட காருக்குள் இருக்கும் வெப்பமும், பேருந்து நிலையத்தின் புழுதியும், சட்டைப் பையில் சேரும் மணல் துகளும் அந்தச் சோதனையில் இல்லை.

உள்திரையின் அமைப்பே இதற்குக் காரணம். மடிய வேண்டுமானால் கண்ணாடி மெலிதாக இருக்க வேண்டும். 2020-இல் இசட் ஃபிளிப் போனுடன் வந்த மீமெல்லிய கண்ணாடியின் தடிமன் சுமார் 30 மைக்ரான், தலைமுடியைவிடவும் மெல்லியது. அதற்குப் பின் வந்த போன்களில் தடிமன் கூட்டப்பட்டாலும், கண்ணாடியின் மேல் ஒரு நெகிழி உறை ஒட்டப்பட்டே வருகிறது. விரல் படுவது அந்த உறையில்தான். அதில் நகம் அழுந்தினாலே தடம் விழக்கூடும். அதை வீட்டில் உரித்து மாற்றக்கூடாது, சேவை மையத்தில்தான் மாற்ற வேண்டும் என்று நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. நடைபாதைக் கடையில் 100 ரூபாய்க்குத் திரைக்கண்ணாடி ஒட்டிக்கொள்ளும் பழக்கமுள்ள நாட்டில், இந்த ஓர் அறிவுரையை மீறியதாலேயே உத்தரவாதத்தை இழக்க நேரிடலாம்.

தூசி இன்னொரு பகை. 2021-இல் வந்த ஃபோல்டு 3 முதலே இப்போன்கள் நீரைத் தாங்குகின்றன. தூசி விஷயத்தில் முன்னேற்றம் மெதுவாகவே வந்தது. ஃபோல்டு 6, ஃபோல்டு 7 ஆகியவற்றின் தரக்குறியீடு ஐபி48. இதில் இரண்டாவது எண்ணான 8 நீரைக் குறிக்கிறது. முதல் எண்ணான 4, ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகள்கள் மட்டுமே தடுக்கப்படும் என்று பொருள்படும். மணலிலும் புழுதியிலும் பெரும்பகுதி அதைவிட நுண்ணியது. வழக்கமான உயர்ரகப் போன்கள் பெற்றுள்ள ஐபி68 குறியீட்டின் 6 என்ற எண், தூசி அறவே புகாது என்பதற்கானது. மடிப்பு போன்களில் அந்தக் குறியீட்டை முதலில் பெற்றது 2025-இல் அறிவிக்கப்பட்ட கூகுள் பிக்சல் 10 புரோ ஃபோல்டு. அதன் இந்திய விலை ரூ.1,72,999. ராஜஸ்தானிலோ தில்லியிலோ கட்டுமானப் பணியிடத்திலோ அன்றாடம் உழல்பவர், கேமராவின் மெகாபிக்சல் எண்ணைக் காட்டிலும் இந்த முதல் இலக்கத்தைக் கவனிப்பது நல்லது.

இரண்டாம் ஆண்டில் எழும் கேள்வி

சாதாரணப் போனின் திரை உடைந்தால் தில்லியின் கரோல் பாக், சென்னையின் ரிச்சி தெரு, பெங்களூருவின் எஸ்.பி. சாலை என எந்த நகரிலும் ஓர் இடம் உண்டு. ஒரு மணி நேரத்தில், பேரம் பேசி, மாற்றிக்கொண்டு வரலாம். மடிப்பு போனின் உள்திரை இந்த வலைப்பின்னலுக்கு வெளியே உள்ளது. திரை, கீல், சட்டகம் ஆகியவை ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதால் உள்திரையை மட்டும் கழற்றி மாற்றுவது எளிதன்று. அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்துக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே உள்திரையை மாற்ற ஆகும் செலவு, புத்தக வகைப் போன்களைப் பொறுத்தவரை, புதிய நடுத்தர விலைப் போன் ஒன்றின் விலைக்கு நிகராகவோ கூடுதலாகவோ அமையும்.

இதில் செலவைவிடவும் சிக்கலானது பொறுப்பு. நன்றாக இயங்கிக்கொண்டிருந்த திரையில் ஒருநாள் காலை மடிப்பை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு தோன்றுகிறது என்று கொள்வோம். போன் கீழே விழவில்லை; நனையவில்லை. இது தயாரிப்புக் குறையா, பயன்படுத்தியவரின் தவறா? தயாரிப்புக் குறை என்றால் உத்தரவாதம் செல்லும். வெளிவிசையால் ஏற்பட்ட சேதம் என்று சேவை மையம் எழுதிவிட்டால் முழுச் செலவும் வாடிக்கையாளருடையது. மடிப்புக் கோடு திரையின் இயல்பான தன்மை என்று நிறுவனங்களின் குறிப்புகளே கூறுகின்றன. இயல்பு எங்கே முடிகிறது, குறை எங்கே தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் போனை விற்றவர் கையிலேயே உள்ளது. 13-ஆம் மாதத்தில் இந்தக் கேள்விகூட எழாது. உத்தரவாதம் முடிந்திருக்கும், தவணை மட்டும் இன்னும் 12 மாதம் மீதமிருக்கும்.

சேவை மையத்தின் முடிவை ஏற்காதவர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அணுகலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடவும் வழி உண்டு. பொருளுக்குச் செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால், போன் இல்லாமல் தீர்ப்புக்குக் காத்திருக்க இயன்றவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

இதனால் விரிவுபடுத்திய காப்பீடு விருப்பத்துக்குரிய கூடுதல் செலவு என்ற நிலை மாறி, மடிப்பு போனின் விலையிலேயே ஒரு பகுதியாகிவிட்டது. அதற்கான ஆண்டுக் கட்டணத்தையும், ஒவ்வொரு முறை கோரும்போதும் செலுத்த வேண்டிய பகுதித் தொகையையும் கூட்டிப் பார்த்த பிறகே 'விலை இவ்வளவு' என்று ஒருவர் சொல்ல முடியும்.

விலகும் நிறுவனங்கள்

நிறுவனம் சந்தையில் நீடிக்குமா என்பதும் பழுதுபார்ப்போடு தொடர்புடையதே. 2023-இல் ஒன்பிளஸ் நிறுவனம் ரூ.1,39,999-க்கு அறிமுகப்படுத்திய ஓப்பன் போன் இந்தியாவில் நல்ல பாராட்டைப் பெற்றது. ஆனால், 2025-இல் அதன் அடுத்த பதிப்பு வராது என்று அந்நிறுவனம் அறிவித்துவிட்டது. ஃபைண்ட் என்2 ஃபிளிப், என்3 ஃபிளிப் போன்களை இங்கு விற்ற ஓப்போ, மெல்லிய மடிப்பு போன் என்று உலகெங்கும் பேசப்பட்ட ஃபைண்ட் என்5-ஐ இந்தியாவுக்குக் கொண்டுவரவில்லை. ஆப்பிள் நிறுவனம் 2025 முடியும் வரை மடிப்பு போன் எதையும் விற்பனைக்கு விடவில்லை.

ஒரு வரிசை நிறுத்தப்பட்டால் ஏற்கெனவே விற்ற போன்களுக்குச் சேவை நின்றுவிடும் என்று பொருளல்ல. ஆனால், குறைவாக விற்ற, தொடர்ச்சியற்ற ஒரு மாதிரியின் உள்திரையும் கீலும் நான்காவது ஆண்டில் எத்தனை ஊர்களில் கையிருப்பில் இருக்கும் என்பது நியாயமான கவலை. இந்தியாவில் அதற்கு இன்று சட்டரீதியான விடை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்துள்ள விதிகள், ஒரு மாதிரியின் விற்பனை முடிந்த பின்னரும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும் என்கின்றன. பழுதுபார்க்கும் எளிமைக்கான தரவரிசையும் போனின் அடையாளச்சீட்டில் அச்சிடப்பட வேண்டும். ஒரே போன் இரு சந்தைகளில் விற்கப்படும்போது, ஓரிடத்தில் வாங்கியவருக்கு உள்ள உறுதி மற்றோரிடத்தில் வாங்கியவருக்கு இல்லை.

யாருக்குப் பயன்?

பெரிய திரையின் பயனை அதிகம் பெறக்கூடியவர் உண்மையில் யார் என்று பார்த்தால் ஒரு முரண் தென்படுகிறது. 2017-18-இல் நடத்தப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்றின்படி, கணினி உள்ள குடும்பங்கள் நாட்டில் 10.7 சதவீதம் மட்டுமே, நகரங்களில் 23.4 சதவீதம், கிராமங்களில் 4.4 சதவீதம். பெரும்பாலான இந்தியர்களுக்குப் போன்தான் கணினி. தேர்வு விண்ணப்பம், நிலப் பதிவேடு, காப்பீட்டுப் படிவம் அனைத்தையும் அந்தச் சிறு திரையில்தான் நிரப்புகிறார்கள். விரியும் திரை அவர்களுக்கே மிகவும் உதவும். ஆனால், மேசைமீது ஒன்று, பையில் ஒன்று என ஏற்கெனவே கணினி வைத்திருப்பவர்தான் அதை வாங்குகிறார்.

முதல் தரப்பினருக்கு மடிப்பு போன் இன்னும் ஏற்றதல்ல. விலை மட்டும் அதற்குக் காரணம் அல்ல. ஒரே கருவியை நம்பி வாழ்பவருக்கு அந்தக் கருவி உடைந்தால் உடனே, உள்ளூரிலேயே, குறைந்த செலவில் சீராக வேண்டும். அதே பெரிய திரைக்கு எளிய மாற்றும் உள்ளது: 11 அங்குல டேப்லெட்டுகள் ரூ.20,000 முதல் ரூ.30,000 வரையிலேயே கிடைக்கின்றன. எஸ்25 அல்ட்ராவையே வாங்கி, அதனுடன் ரூ.30,000-க்கு டேப்லெட் ஒன்றையும் சேர்த்தாலும் அறிமுக விலைக் கணக்கில் ரூ.1,59,999-தான் ஆகிறது, ஃபோல்டு 7-ஐவிட ரூ.15,000 குறைவு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று இருக்கும். இரண்டையும் சுமக்க வேண்டும் என்பதே குறை.

அந்தச் சுமையை உண்மையிலேயே தவிர்க்க வேண்டியவர், நாளின் பெரும்பகுதியைப் பயணத்தில் கழிப்பவர், ஆவணங்களைப் படிப்பதையே தொழிலாகக் கொண்டவர், காப்பீட்டுச் செலவைத் தாங்கக்கூடியவர் ஆகியோருக்கு இன்றைய புத்தக வகை மடிப்பு போன் பயனுள்ள கருவி என்பதில் ஐயமில்லை. அவர்களும் அறிமுக வாரத்தில் முந்திக்கொள்ளாமல் சில மாதங்கள் பொறுத்தால் குறைந்த விலையில் வாங்க முடியும் என்பதையே ரேசர் 40 போன்ற முந்தைய அனுபவங்கள் காட்டுகின்றன. மாதத் தவணையை ஓராண்டுக்கு மேல் நீட்டிக்காமல் இருப்பது அதைவிட முக்கியம்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2024-இல் அமைத்த குழு, செல்போன்களுக்கும் மின்னணுப் பொருள்களுக்கும் பழுதுபார்ப்புக் குறியீடு ஒன்றை உருவாக்குவது தொடர்பான அறிக்கையை 2025 மே மாதம் சமர்ப்பித்தது. பழுதுபார்ப்புத் தகவல், உதிரிபாகங்கள் கிடைப்பது, அவற்றின் விலை ஆகியவற்றைக் கணக்கில்கொண்டு நிறுவனங்கள் தங்கள் பொருளுக்குரிய மதிப்பெண்ணை விற்பனை இடத்திலேயே வெளியிட வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்துள்ளது. செல்போனில் முன்னுரிமை பெறும் பாகங்களாக அது வகுத்துள்ள பட்டியலில் மின்கலம், திரை, கேமரா, மின்னேற்றுத் துளை ஆகியவற்றுடன் கீலும் திரையை மடிக்கும் பொறியமைப்பும் தனியே இடம்பெற்றுள்ளன. பரிந்துரை நடைமுறைக்கு வரும்வரை, உள்திரையை மாற்ற என்ன செலவாகும், அருகில் எந்த ஊரில் அந்த வசதி உள்ளது, எத்தனை நாள் ஆகும் என்ற மூன்று விவரங்களையும் பணம் கட்டுவதற்கு முன்பே விற்பனையாளரிடம் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டியது வாங்குபவரின் வேலையாகவே உள்ளது.